பன்றியைச் சுடுவதும் வேட்டைக்குப் போவதும் ஒன்றா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி:

"அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை. இங்கே ஒரு பன்றியைச் சுட நாலு ஆபீஸ் ஏற வேண்டியிருக்கிறது. விவசாயிகள் எல்லோருக்கும் துப்பாக்கி கொடுத்தால் பயிரும் தப்பும், ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து வேட்டைக்கும் போகலாம். கறி தின்கிறவர்கள்தானே நாம்? கோழி அறுத்தால் தப்பில்லை, பன்றி சுட்டால் மட்டும் பாவமா?"

9 நவம்பர் 2025

மூன்று விஷயத்தை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள் அண்ணா. துப்பாக்கி உரிமையா என்பது ஒன்று. பயிரைக் காக்கச் சுடலாமா என்பது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு மூன்றாவது. முதல் இரண்டைக் காட்டி மூன்றாவதை உள்ளே விடப் பார்க்கிறீர்கள்.

நான் இருப்பது கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்து முதலமடைப் பக்கம். மாந்தோப்பு, அதன் ஓரத்தில் கொஞ்சம் கடலைக்காடு. நெல்லியாம்பதி அடிவாரத்திலிருந்து பன்றி இறங்கினால் காலையில் போய்ப் பார்க்கவே மனசு வராது. அதனால் பன்றியைச் சுடக் கூடாது என்று சொல்லப்போகிற ஆள் நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை வெள்ளை வேட்டி ஜீவகாருண்யக்காரன் என்று திட்ட வேண்டாம்.

10 நவம்பர்

முதல் விஷயம். அமெரிக்காவின் இரண்டாவது திருத்தம் 1791இல் வந்தது. அதில் வேட்டை என்ற பேச்சே இல்லை. ஒழுங்கான குடிப்படை நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை, அதனால் மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையில் கை வைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். 2008இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் இதைத் தனிமனித உரிமை என்று சொன்னபோதும், வீட்டில் தற்காப்புக்கு என்பதைத்தான் மையமாக வைத்தது. அங்கேயும் மான் சுட மாநில அரசிடம் காசு கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். எத்தனை சுடலாம், எந்த மாதம் சுடலாம் என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. துப்பாக்கி உரிமை வந்துவிட்டால் வேட்டை உரிமையும் கூடவே வரும் என்பது அங்கேயே கிடையாது.

நம் ஊரில் இந்தப் பேச்சே எழவில்லை என்று நினைக்க வேண்டாம். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை என்று ஒரு வரி இருந்தது. வெள்ளைக்காரன் 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நம் ஆட்களை நிராயுதபாணியாக்கிய கோபம் அது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதையே அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அதன்பின் 1959 ஆயுதச் சட்டம். 2019 திருத்தத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்து, லைசென்ஸ் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக ஆக்கினார்கள். ஆக இங்கே துப்பாக்கி என்பது அரசு கொடுக்கிற அனுமதி. அது சரியா தப்பா என்று தனியாகச் சண்டை போடலாம்.

10 நவம்பர், இரவு

"குடகில் லைசென்ஸே வேண்டாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கொடவர்களுக்கு விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக் குழலில் செங்காந்தள் பூ வைத்துக் கும்பிடுவார்கள். ஆனால் அந்த விலக்கு ஆயுதச் சட்டத்துக்கு மட்டும்தான். காட்டுக்குள் போய் மிளாவைச் சுட்டால் கொடவருக்கும் அதே வனவிலங்குச் சட்டம், அதே ஜெயில்.

12 நவம்பர்

இனி நம் எல்லைக் கதை. மலையைப் பார்க்க ஒன்றாக இருந்தாலும் சட்டம் இரண்டு.

கேரளத்தில் 2022 மே மாதம் முதல் பஞ்சாயத்துத் தலைவருக்கே அதிகாரம். அவர் அனுமதி கொடுத்தால், பட்டியலில் இருக்கும் லைசென்ஸ் உள்ள ஷூட்டர் வந்து பன்றியைச் சுடலாம். விஷம் வைக்கக் கூடாது, கரண்ட் வைக்கக் கூடாது, வெடி வைக்கக் கூடாது. சுட்டதைப் புதைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வருஷம் ஜனவரியில் வந்த அறிவிப்பு வேறு மாதிரி. காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடுவது, மூன்றுக்கு மேல் என்றால் வனத்துறை ஆட்கள் சுடுவார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலையில் என் மாமா பையனுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் நமக்குத்தான் வண்டியை நிறுத்துகிறார்கள், பன்றிக்கு யாரும் பில் கேட்பதில்லை. என் தோப்பில் செத்துப்போகக்கூடிய பன்றி அவன் தோப்புக்குப் போனால் விருந்தாளி. "உன் ஊருப் பன்றியை எல்லாம் இங்கே விரட்டிவிடுறீங்க" என்று அவன் சண்டைக்கு வருகிறான்.

எல்லோருக்கும் துப்பாக்கி கொடு என்பவர்களுக்கு இன்னொன்று. வனவிலங்குச் சட்டத்தின் 34வது பிரிவைப் படியுங்கள். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டுமானால் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் சம்மதம் வேண்டும். எங்கள் பஞ்சாயத்துக்குள்ளேயே பறம்பிக்குளம் புலிகள் காப்பகம் இருக்கிறது. (எங்கள் பஞ்சாயத்துதான், ஆனால் ரோட்டில் அங்கே போக ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். இந்தக் கூத்தைத் தனியாகப் பேசலாம்.) பன்றி எங்கே அதிகமோ அங்கேதான் லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம். இந்தக் குறை நியாயமானது, இதில் நான் உங்கள் கட்சி.

15 நவம்பர்

"நீங்கள் சுடுவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா, இல்லை பேப்பர் படித்து எழுதுகிறீர்களா?" என்று ஒருவர். பார்த்திருக்கிறேன்.

என் அப்புச்சியிடம் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழலில் கருமருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற ரகம். பயிர்க் காவலுக்கு என்று லைசென்ஸ் எடுத்தது. ஆயுதச் சட்டத்திலேயே அதற்குத் தனியாக இடம் உண்டு. ஒருமுறை சுட்டால் அடுத்ததற்குக் கெட்டிப்பதற்குள் பன்றி கொல்லங்கோடு போய்விடும். பெரும்பாலும் ஆகாயத்தைப் பார்த்துச் சுடுவார், சத்தத்துக்கு. அவர் போன பிறகு அதை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற அம்மா சம்மதிக்கவில்லை. "குடிச்சிட்டு வர்ற சொந்தக்காரங்க இருக்கிற வீட்டுல துப்பாக்கி எதுக்கு?" என்றாள். துப்பாக்கி உரிமை பற்றி நான் கேட்ட வாதங்களில் இதற்கு மட்டும்தான் பதில் தெரியவில்லை.

பிறகு பஞ்சாயத்து மூலம் ஷூட்டர்கள் வந்தார்கள். ஜீப், நாய்கள், தலையில் லைட். மூத்தவர் வயதானவர், கையில் இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி, பெரிய ரவை போட்ட எல்.ஜி. தோட்டா. முதலில் தோப்பைச் சுற்றி நடந்து எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் ரோடு என்று கேட்டுக்கொண்டார். வீடு இருக்கும் திசையில் பன்றி ஓடினால் சுட மாட்டேன், அதற்கு என்னைத் திட்டக் கூடாது என்று முன்பே சொன்னார். அன்றைக்கு அப்படித்தான் ஒன்று தப்பியது. இன்னொன்றை நின்ற இடத்திலேயே விழவைத்தார். நான் எட்டிப் போவதற்குள் அது அடங்கிவிட்டது.

அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம். மறைக்கவும் இல்லை.

வேறொரு சமயம் வேறொரு குழு. இளவட்டம். அதில் ஒருவர் சுட்டது வயிற்றில் பட்டுப் பன்றி உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடிவிட்டது. ராத்திரி அதன் பின்னால் போக யாருக்கும் தைரியம் இல்லை. அடிபட்ட பன்றி எதிரே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். "காலையில பாக்கலாங்க" என்று கிளம்பிவிட்டார்கள். காலையில் யாரும் வரவில்லை. அப்புறம் நாற்றம் வந்துதான் கண்டுபிடித்தோம். கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில், தண்ணீரை நோக்கி இழுத்துக்கொண்டு வந்திருந்தது. இந்தக் குழுவில் யாரும் சந்தோஷமாக இல்லை, ரொம்ப வருத்தப்பட்டார்கள்.

16 நவம்பர்

சுட்ட பன்றியைப் புதைப்பது வீண் இல்லையா, கறியைப் பகிர்ந்து கொடுத்தால் என்ன என்று வழக்கம்போல் நாலு பேர். நானும் கறி தின்கிறவன்தான். நல்ல கறியை மண்ணெண்ணெய் ஊற்றிக் குழியில் போடுவதைப் பார்த்தால் கை கூசும். ஆனால் கறி உண்டு என்று சொல்லிப் பாருங்கள், மாந்தோப்பிலேயே கால் வைக்காதவனெல்லாம் பன்றித் தொல்லை தாங்கவில்லை என்று மனு கொடுப்பான். இதற்கு மேல் இதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், யோசனை முழுசாகவில்லை.

19 நவம்பர்

மூணாறிலிருந்து எழுதியவர் நல்ல அடி கொடுத்திருக்கிறார். "வேட்டைக்காரர்கள் இல்லாவிட்டால் வரையாடே இருந்திருக்காது. இரவிகுளம் யாருடையது?"

சரிதான், பெருமளவு சரி. இரவிகுளம் தேயிலைத் துரைகளின் வேட்டைக்காடாக இருந்தது. அவர்களுடைய சங்கம் வரையாட்டை எண்ணிக் காத்தது, இஷ்டத்துக்குச் சுட விடவில்லை. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. இன்றைக்கு உலகத்திலேயே வரையாடு அதிகமாக இருக்கும் இடம் அதுதான். தேக்கடியும் கிட்டத்தட்ட அதே கதை. 1934இல் திருவிதாங்கூர் மகாராஜா அணைக்கட்டு நீரைச் சுற்றி நெல்லிக்காம்பட்டி சரணாலயம் என்று ஒதுக்கினார்.

ஆனால் அங்கே காவல் காத்து, வழிகாட்டி, சுமை தூக்கியவர்கள் முதுவான்கள் என்ற மலைவாசிகள். துரை சுட்டால் விளையாட்டு, அதே ஆட்டை முதுவான் சுட்டால் திருட்டு. ஆக வரையாட்டைக் காத்தது வேட்டை மட்டும் இல்லை, மலை முழுக்க ஒரே கம்பெனியின் கையில் இருந்ததும்தான். இன்றைக்கு அப்படி ஒரு மலையை யாருக்குக் கொடுப்பீர்கள்? எந்தக் கம்பெனிக்கு என்று பெயர் சொல்லுங்கள், சண்டை இன்னும் சுவாரசியமாகும்.

19 நவம்பர், இரவு

வேட்டைக்காரர் காசில்தான் அமெரிக்காவில் காட்டு விலங்கு பிழைக்கிறது, 1937 சட்டம் தெரியுமா என்று கேட்ட டெக்சாஸ் தம்பிக்கு. தெரியும். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 10, 11 சதவீதம் வரி போட்டு அதை வனவிலங்குப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. பாகிஸ்தானில்கூட மார்க்கோர் ஆடு ஒன்றைச் சுட ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்கி, 80 சதவீதத்தை அந்த மலைக்கிராமத்துக்கே கொடுக்கிறார்கள். ஆடு பெருகியது. வேட்டை என்றாலே அழிவு என்று நான் எங்கேயும் எழுதவில்லை தம்பி, மேலே போய்ப் படி.

22 நவம்பர்

15ஆம் தேதி எழுதியது எனக்கே உறுத்திக்கொண்டு இருக்கிறது. கொல்வதில் சந்தோஷப்படுபவன் தப்பு, வேறு வழியில்லாமல் கொல்பவன் சரி என்றுதான் நான் பேசிவந்தேன். கண்ணால் பார்த்தது தலைகீழ். சந்தோஷப்பட்டவர் கையில் பன்றி நிமிஷத்தில் போனது. வருத்தப்பட்டவர் கையில் துடித்துச் செத்தது. சுடுபவன் மனசில் என்ன இருக்கிறது என்பது பன்றிக்கு என்ன தெரியும்? அந்தப் பெரியவருக்குத் துப்பாக்கியின் மேல் ஆசை இருந்ததால்தான் கை பழகியிருந்தது, அதனால்தான் சுடாமல் விடவும் தெரிந்திருந்தது. அவர் சிறு வயதில் என்னென்ன சுட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், வனவிலங்குச் சட்டத்தின் 1991 திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வேட்டையும் சரியா? அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பன்றி வராத ராத்திரி எனக்கு நல்ல ராத்திரி. வேட்டைக்குப் போகிறவனுக்கு அது வீணான ராத்திரி. எனக்குப் பன்றி இல்லாமல் இருந்தால் போதும். அவனுக்குப் பன்றி வேண்டும்.

இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவிலேயே நடந்தது. டென்னசி மாநிலத்தில் 1999இல் காட்டுப்பன்றியை மாநிலம் முழுக்க வேட்டையாடலாம் என்று திறந்துவிட்டார்கள். குறையும் என்று நினைத்தார்கள். சில மாவட்டங்களில் இருந்தது பல மாவட்டங்களுக்குப் பரவியது. காரணம், வேட்டைக்கு ருசி கண்டவர்கள் பன்றியை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தங்கள் பக்கத்துக் காட்டில் விட்டார்கள். 2011இல் மூட வேண்டியதாயிற்று. மிசௌரியில் 2016இல் வனத்துறை தன் நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செய்தது, கூண்டு வைத்துப் பிடிக்கும் வேலை கெடுகிறது என்று. டெக்சாஸ் தம்பி, உங்கள் ஊரில் ஹெலிகாப்டரிலிருந்து பன்றி சுட டிக்கெட் விற்கிறார்களாமே. அந்தத் தொழில் நடத்துபவன் பன்றி ஒழியட்டும் என்று கோயிலில் வேண்டிக்கொள்வானா?

கறி விஷயத்தில் முழுசாகாத யோசனையும் இதேதான். கறி உண்டு என்றால் பன்றி இருப்பதில் நாலு பேருக்கு லாபம். எங்கள் ஊரில் லாரி கூட வேண்டாம், ஒரு பெட்டி ஆட்டோ போதும்.

23 நவம்பர்

மயிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். கடலையைப் பன்றி தோண்டுகிறது என்றால் விதைத்ததைக் கொத்துவது மயில். நஷ்டம் ஒன்றும் குறைவில்லை. ஆனால் தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணை, மேலே முருகன் வேறு உட்கார்ந்திருக்கிறார். பன்றியும் ஒரு அவதாரம்தான், வராகத்துக்கு மட்டும் யாரும் சலுகை கொடுப்பதில்லை.

27 நவம்பர்

எனக்குப் பெரிய கவலை துப்பாக்கியே இல்லை. துப்பாக்கியும் கிடைக்காமல் பொறுமையும் இல்லாமல் போகிறவன் என்ன செய்கிறான் என்பது. தீனிக்குள் வெடியை ஒளித்து அவுட்டுக்காய் வைக்கிறான். இல்லையென்றால் போஸ்ட்டிலிருந்து கரண்ட் இழுக்கிறான்.

2020 மே மாதம் அமைதிப் பள்ளத்தாக்குப் பக்கம் வெடி கடித்து வாய் கிழிந்த கர்ப்பிணி யானை வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது. உலகமே அழுதது. அந்த வெடி யானைக்கு வைத்ததில்லை, பன்றிக்கு. 2022 மே மாதம், பஞ்சாயத்துக்கு அதிகாரம் கொடுத்த அதே மாதம், பாலக்காடு முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமைச் சேர்ந்த இரண்டு பேர் பக்கத்து வயலில் பன்றிக்கு வைத்த கரண்ட் கம்பியில் மாட்டிச் செத்தார்கள். இதற்கு உலகம் அழவில்லை.

அதனால் துப்பாக்கியை எளிதாகக் கொடு என்பவர்கள் பக்கம் எனக்குப் பாதி மனசு உண்டு. எல்லோருக்கும் வேண்டாம். பஞ்சாயத்துக்கு நாலைந்து பேர், உண்மையாகவே சுடத் தெரிந்தவர்கள். வருஷா வருஷம் இலக்கு வைத்துச் சுடச் சொல்லிப் பார்க்க வேண்டும். 2016 ஆயுத விதிகளில் லைசென்ஸுக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள், அது துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியுமா என்பதற்கு. ராத்திரியில் ஓடுகிற பன்றியைச் சுடலாமா விடலாமா என்று முடிவெடுப்பது வேறு பரீட்சை. அடிபட்டு ஓடியதைத் தேடிப் போகாத குழுவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். கேரளச் சட்டமன்றம் அக்டோபரில் நிறைவேற்றிய திருத்தத்தில் பன்றியைத் தொல்லை விலங்காக மாநிலமே அறிவிக்க வழி செய்கிறார்கள். ஜனாதிபதி ஒப்புதல் வேண்டும். அது வந்தாலும் யார் சுடுவது, எப்படிச் சுடுவது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

30 நவம்பர்

"ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டுமா?" 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்குக் குறைந்த சக்தி என்றால் வேண்டாம். ஆனால் அதை வைத்துக் கௌதாரி சுட்டால் வனவிலங்குச் சட்டம் சும்மா விடாது. பன்றியை அதனால் சுட்டால் பன்றிக்குக் கோபம் மட்டும்தான் வரும். அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் ஏர் கன்னை ஒப்படையுங்கள் என்று இயக்கமே நடத்தினார்கள், ஜனங்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கப் போகிறேன் என்று எழுதியவர் சைக்கிள் வாங்கிக் கொடுக்கட்டும்.

நானும் சின்ன வயசில் உண்டிவில் வைத்துக் குருவி அடித்தவன்தான். யாராவது கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்.

3 டிசம்பர்

பொள்ளாச்சி வாசகர் ஒருவர், அடுத்த முறை ஷூட்டர்கள் வரும்போது வேடிக்கை பார்க்க வரலாமா என்று கேட்டிருக்கிறார். இப்போதைக்கு யாரும் வரப்போவதில்லை. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம், இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடக்கிறது. பன்றிக்கு ஓட்டு இல்லை என்றாலும் பிரச்சார காலம் முழுக்கப் பாதுகாப்பு உண்டு. அது முடிந்து புதுத் தலைவர் வந்து, அவரிடம் மறுபடி மனு கொடுத்து, அதன்பின்தான்.

அப்போது வருவதானால் வாருங்கள், மண்வெட்டியும் கொண்டுவாருங்கள். சுடுவதற்கு ஆள் கிடைத்துவிடுகிறது, ராத்திரி ரெண்டு மணிக்குக் குழி வெட்ட ஒருத்தரும் நிற்பதில்லை. எங்கள் மண் மேலே ஒரு அடிதான் இளக்கம், கீழே பாறை.